ஹர் கி தூன் மலைநடை: ஐம்பதை நெருங்குகிறவன் போகலாமா?

சத்துவாச்சாரிக்காரன் கேட்டது:

வணக்கம். வயது 49. ஹார்டுவேர் கடை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. கடைக்கு எதிரே பெங்களூர் ரோடு, லாரிச் சத்தம் தூக்கத்திலும் கேட்கிறது. கூட்டமில்லாத, நல்ல உயரமான மலையில் ஒரு வாரம் நடந்துவிட்டு வர ஆசை. கேதார்கந்தாவில் எப்போதும் கூட்டம் என்றார்கள். அதனால் உத்தராகண்டிலேயே ஹர் கி தூன் பார்த்து வைத்திருக்கிறேன், உயரம் 3,566 மீட்டர். சர்க்கரை கிடையாது, பி.பி.க்கு தினம் ஒரு மாத்திரை. பர்வதமலை இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். மூச்சு தாங்குமா? போய் வந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். "காசு குடுத்து கஷ்டத்த வாங்குறீங்க" என்கிறாள் வீட்டுக்காரி.

ஆரணி_நெல்மண்டி:

சார், உங்கள் வீட்டில் சொன்னது பாதி சரி. நான் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். 2022 அக்டோபரில் ஒரு தடவை, மறு வருஷம் ஒரு தடவை போனேன். முதல் தடவை கஷ்டத்தைத்தான் வாங்கினேன்.

காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி தில்லி, அங்கிருந்து டேராடூன், பிறகு அடிவார ஊரான சாங்க்ரி. டேராடூனிலிருந்து சாங்க்ரிக்கு ஜீப்பில் முழுப் பகல் போகும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே தாலுகா என்கிற ஊரில் நடை தொடங்குகிறது. முதல் நாள் ஆற்றோரமாகவே ஒஸ்லா ஊர் வரைக்கும். சுமார் 2,500 மீட்டர், அதுவரை ஒன்றும் தெரியாது. எங்களைக் கூட்டிப்போன குழு ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைத்தது. நடுவில் கல்கத்தியாதாரில் ஒரு ராத்திரி தங்க வேண்டியதை விட்டுவிட்டு, ஒரே நாளில் மேலே ஏற்றிவிட்டார்கள். ஆயிரம் மீட்டர் ஏற்றம். சாயங்காலம் நெற்றிப்பொட்டில் யாரோ உளி வைத்து அடிக்கிற மாதிரி வலி. சோறு இறங்கவில்லை. கண் அசந்தால் மூச்சு நின்று, திடுக்கென்று எழுந்து உட்கார வேண்டியதாயிற்று.

சோறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்றே இருந்தது. சமையல்கார பையன் கடைசியில் குக்கருக்கு மாற்றினான். பொன்னியா பாஸ்மதியா என்று நான் வாதம் பண்ணிக்கொண்டிருந்தேன், தலைவலியோடு! மண்டிக்காரன் புத்தி.

மறுநாள் காலை மற்றவர்கள் மாரிந்தா ஏரிக்குப் போனார்கள். நான் கூடாரத்து வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டம்ளரில் இருந்த தண்ணீர் மேல் கண்ணாடி மாதிரி ஏடு படிந்திருந்தது. எதிரே சுவர்க்காரோகிணி பனிமலை. முதலில் சாம்பல் நிறம், பிறகு உச்சியில் மட்டும் செம்பு தேய்த்தது போல ஒரு கோடு. கொஞ்சம் கொஞ்சமாக அது கீழே இறங்கி, முழு மலையும் வெள்ளையாகிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. பேச ஆளும் இல்லை. ஆனால் சத்தமே இருக்காது என்று நினைத்துப் போகாதீர்கள், ராப்பகலாக ஆறு இரைந்துகொண்டே இருக்கும். நம் பாலாறு அப்படி இரைந்து நான் கேட்டது 2021 நவம்பர் வெள்ளத்தில்தான். இரண்டாவது நாளுக்கு அப்புறம் அந்த இரைச்சல் காதில் விழாமல் போய்விடுகிறது. லாரிச் சத்தம் எனக்கு ஒரு நாளும் அப்படிப் போனதில்லை.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பாரதம் பதினெட்டாம் நாள் துரியோதனனை மண்ணால் நீளமாகச் செய்து படுக்கவைத்து, படுகளத்தில் தொடையைப் பிளப்போம். விளக்குமாற்றால் அடியும் விழும். ஒஸ்லா கோவிலைக் காட்டி, "துரியோதனன் கோவில் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள்" என்றான் வழிகாட்டி. ஊர்க்காரர்களைக் கேட்டால் இல்லை, சோமேசுவரர் என்கிறார்கள். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போனது அந்த சுவர்க்காரோகிணி வழியாகத்தான் என்றும் கதை. ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மரக்கோவில் முன்னால் என்ன முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றேன்.

இரண்டாம் தடவை நானும் மச்சானும் மட்டும், ஒஸ்லா வழிகாட்டி ஒருவரோடு. கல்கத்தியாதாரில் ஒரு ராத்திரி, மேலே இரண்டு ராத்திரி. தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பாலாற்றுமணல்:

எதுக்கு சார் அவ்வளவு செலவு? ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கு. வார நாளில் போனா ஈ காக்கா இருக்காது.

வார்டு_சிஸ்டர்:

நெல்மண்டி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வாந்தி வருகிற மாதிரி தலைவலியோடு அதே உயரத்தில் படுத்தது பெரிய தப்பு. குறைந்தபட்சம் உங்களை ஏரிக்குக் கிளப்பாமல் விட்டார்களே, அதுவரை நல்லது.

கேட்ட அண்ணனுக்கு: பர்வதமலையும் ஜவ்வாதும் காலுக்குப் பயிற்சி, உயர நோய்க்கு (உயரத்தில் காற்று மெலிவதால் வருகிற தலைவலி, வாந்தி) பயிற்சி ஆகாது. அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். பர்வதமலை சுமார் 4,500 அடி, மீட்டரில் 1,400கூட வராது. பர்வதமலையின் கடப்பாரைப் படியில் அநாயாசமாக ஏறுகிற இருபது வயசுப் பையனுக்கும் அங்கே வரலாம், உடல் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்குகிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். பகலில் இன்னும் ஏறிவிட்டு இறங்கி வந்து தூங்கலாம்.

உயர நோய் வராமலிருக்க டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை சொல்வார்கள். வழக்கமாக 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். உங்கள் பி.பி. மாத்திரையே நீர் பிரிகிற வகையாக இருக்கலாம். அதனால் கடையில் நீங்களே வாங்கிப் போடாமல், மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். ராத்திரி தூக்க மாத்திரை, சரக்கு இரண்டும் வேண்டாம். நேர்கோட்டில் குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டி நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறக்கிவிட வேண்டும்.

ஆரணி_நெல்மண்டி:

சிஸ்டர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. அந்த ராத்திரி எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

பயிற்சிக்கு சோளிங்கர் பெரிய மலை போதும். ஆயிரத்து முந்நூறு படி. ரோப் கார் வந்துவிட்டது, அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். பத்து கிலோ அரிசிப் பையை முதுகில் போட்டு வாரம் இரண்டு நாள் ஏறினேன். இறங்குவதும் நடந்தே இறங்குங்கள், முட்டி அழுவது இறக்கத்தில்தான். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். எனக்கு இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்து, பொங்கலுக்குத்தான் விழுந்தது.

சத்துவாச்சாரிக்காரன்:

ரொம்ப நன்றி. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். சாங்க்ரிக்கு மேலே போன் வேலை செய்யுமா? கடைப் பையன் தினம் ரேட் கேட்பான்.

ஆரணி_நெல்மண்டி:

என் போன் தாலுகாவோடு ஊமையாகிவிட்டது. விலைப்பட்டியலை எழுதிக் கல்லாவில் ஒட்டிவிட்டு வாருங்கள்.