ஸ்பானிய இயக்குநர் எலோய் தே லா இக்லேசியாவின் படத்தை முதன்முதலில் பார்த்த அனுபவம்: நீங்களும் எழுதுங்கள்

மாட்ரிட்டில் படித்தபோது சினே தோரே அரங்குக்கு அடிக்கடி போவேன். ஸ்பெயின் அரசின் திரைப்படக் காப்பகம் பழைய படங்கள் போடும் இடம் அது. ஒரு மாலை ‘எல் திபுதாதோ’ (1978). இயக்குநர் பெயர்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், மடியில் மடித்த கோட்டு.

படத்தில் ஹோசே சக்ரிஸ்தான் இடதுசாரித் தலைவர். சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்து, ஜனநாயகம் அப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. ஆண்களை விரும்புகிறவர் என்று தெரிந்தால் அவர் கதை முடிந்தது. வலதுசாரிகள் அதை வைத்தே அவரை மடக்கப் பார்க்கிறார்கள். மனைவிக்கு விஷயம் தெரிந்தும் கூடவே நிற்கிறார். அந்தப் பெண்ணை என்னால் மறக்கவே முடியவில்லை.

விளக்கு போட்ட பிறகும் பெரியவர் எழவில்லை. “இதை எடுத்த வருஷம் எங்களைப் பிடித்து உள்ளே போடச் சட்டம் இருந்தது” என்றார். ‘எங்களை’ என்றாரே, அதில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் சொன்னது 1970-இல் வந்த சமூக அபாயச் சட்டம். ஓரினச் சேர்க்கையை அதிலிருந்து நீக்கியது 1978 டிசம்பரில்தான்.

*

எனக்கு ‘எல் பீகோ’ (1983). ஸ்பெயினின் பாஸ்க் பகுதி நகரமான பில்பாவோவில் சிவில் கார்டு என்ற அரசுக் காவல்படை அதிகாரியின் மகனும் பாஸ்க் தேசியவாதத் தலைவரின் மகனும் சேர்ந்து ஹெராயினில் விழுகிறார்கள். ஊசி ஏறும்போது கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன்.

அதிகாரியின் மகனாக வரும் ஹோசே லூயிஸ் மன்சானோ, மாட்ரிட்டின் வயேகாஸ் பகுதி ஏழைப் பையன். 1980-இல் ‘நவஹேரோஸ்’ படத்தில் எலோய்தான் அறிமுகப்படுத்தினார். நிஜத்திலும் அந்தப் பையன் ஹெராயினில் சிக்கினான், எலோயும் சிக்கினார். 1992-இல் எலோயின் வீட்டிலேயே இறந்துகிடந்தான், முப்பதுகூட ஆகவில்லை. 1987-க்கு அப்புறம் எலோயின் அடுத்த திரைப்படம் வந்தது 2003-இல். மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார்.

கரடுமுரடான படங்கள், மலிவானவை என்பார்கள். இருக்கட்டும். தெருப் பையன்களை இவ்வளவு கிட்டே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

*

மேலே மாட்ரிட் பற்றி எழுதிய நண்பரே, அந்தப் பெரியவரோடு அப்புறம் பேசினீர்களா?

*

பேசினேன், வாசல்வரை சேர்ந்தே நடந்தோம். அந்தக் காலத்தில் இந்த மாதிரிப் படங்களுக்குத் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்காருவாராம். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று விளக்கு போடுமுன் வெளியே போய்விடுவாராம். ‘எல் திபுதாதோ’வின் கடைசிக் காட்சியை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன் என்றார்.