மறு: ரெண்டரிங் எஞ்சின் – ‘புனைபொறி’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். உலாவிக்குள் இருந்து பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருள்தான் ரெண்டரிங் எஞ்சின். அதற்குத் தனிச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார்:

> உலாவி என்ற சொல்லே போதாதா? குரோமில் ஒரு மாதிரி, சஃபாரியில் ஒரு மாதிரி தெரிகிறது என்றால் எல்லாருக்கும் புரிகிறதே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். குரோம், எட்ஜ், ஓபரா மூன்றும் வேறு வேறு உலாவிகள், உள்ளே ஓடுவது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின், அதனால் ஒரு பக்கம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். அதே குரோமை ஐபோனில் திறந்தால் பெயர்தான் குரோம், பெரும்பாலும் வேலை செய்வது ஆப்பிளின் வெப்கிட். ஃபயர்பாக்ஸில் இருப்பது கெக்கோ. இந்த உள்ளே இருக்கிற பொருளுக்குப் பெயர் இல்லாமல் மாணவர்களுக்குப் பாடம் எழுத உட்கார்ந்து மூன்று நாள் திணறினேன்.

வழங்கி, அதாவது பக்கத்தை வைத்திருக்கும் சர்வர், அனுப்புவது வெறும் எழுத்துதான்: இது தலைப்பு, இது பத்தி, இந்தப் பெட்டி இத்தனை அகலம். எதை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு, நிறம் தீட்டித் திரைக்குக் கொண்டுவருவது எஞ்சின். கணக்கு மாறினால் பக்கமும் மாறும். விண்டோஸில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 300 பிக்சல், உள்ளே இரு பக்கமும் இடைவெளி 20, கரை இரு பக்கமும் 5 என்று எழுதினால், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் விதிப்படி பெட்டி 350 வரவேண்டும். அது எல்லாவற்றையும் 300-க்குள் அடக்கிவிடும். ஐம்பதே பிக்சல், ஆனால் பக்கத்தில் நிற்கவேண்டிய பத்தி கீழே போய் விழ அது போதும். பின்னால் அந்தக் கணக்கே வசதி என்று பலருக்கும் பட்டு, பார்டர்-பாக்ஸ் என்ற பெயரில் விதிக்குள்ளேயே வந்துவிட்டது.

நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ‘கொ’ என்று தட்டினால் கோப்பில் முதலில் ககரம், அப்புறம் ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து காலைப் பின்னால் வைப்பது திரையில் வரையும்போது நடக்கிற வேலை. அந்தக் காலத்து உலாவி ஒன்றில் பத்தியின் இரு ஓரத்தையும் நேராக்கினால் போதும், கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் வெற்று வட்டம். என் பக்கத்தைத் திறந்த அத்தை “எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்குதேடா” என்று போன் செய்தது இன்னும் நினைவிருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘வழங்கு பொறி’ வேண்டாம், வழங்கியோடு குழம்பும். ‘வரைபொறி’ கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்கிறது, வரைகலையையும் நினைவூட்டுகிறது. மாலை புனைகிறோம், வேடம் புனைகிறோம். கையில் இருப்பதைக் கோத்து, ஒழுங்கு செய்து, அழகுபடுத்திக் காட்டுவதுதான் புனைதல். எஞ்சின் செய்வதும் அதுதானே? தேடுபொறி போலவே வினைத்தொகை, ஒற்றும் மிகாது, வாயில் எளிதாக வருகிறது. புனைவு என்றால் கதை என்று ஒருவர் எழுதியிருந்தார், நியாயம்தான். அதனால் ரெண்டரிங்கிற்குப் ‘புனைதல்’ என்றே வைத்துக்கொள்வோம், ‘புனைவு’ வேண்டாம்.

திங்கட்கிழமை பாடத்தில் இதைச் சேர்க்க இருக்கிறேன், இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள். பழைய பக்கங்களைப் பழைய உலாவிகளின் கணக்குப்படியே காட்டும் குவர்க்ஸ் மோடுக்கும் சொல் வேண்டும், அதைத் தனி இழையில் பேசலாம்.