பீச் பக்கத்துல வீடு, மனசு வெஸ்பா மேல. எடுக்கலாமா?

சில்வர்பீச் சின்னவன்:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல தேவனாம்பட்டினம் ரோட்ல வீடு, பீச்சுக்கு நடந்தே அஞ்சு நிமிஷத்துல போயிடலாம். ஆபீஸ் திருப்பாப்புலியூர்ல. காலைல பையன மஞ்சக்குப்பத்துல ஸ்கூல்ல விட்டுட்டு ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் காய்கறி வாங்கிட்டு வீடு வந்து சேந்தா எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் தாண்டாது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை பாண்டி, அவ்ளோதான். பழைய வண்டி ஒம்போது வருஷம் ஓடிருச்சு, இனிமே அதுக்கு செலவு பண்ணா வேஸ்ட்னு மெக்கானிக்கே சொல்லிட்டாரு.

போன மாசம் பாண்டி போனப்ப ஒயிட் டவுன்ல ஒரு மஞ்ச செவுத்து ஓரமா லைட் பச்சை கலர்ல வெஸ்பா ஸ்கூட்டர் ஒண்ணு நின்னுச்சு, அத பாத்ததுலேர்ந்து தூக்கம் இல்லன்னு வைங்க. பட்ஜெட் ஒன்றரை லட்சத்துக்குள்ள. யமஹா ஃபாசினோ, பஜாஜோட எலக்ட்ரிக் சேத்தக் ரெண்டு ஸ்கூட்டரும் லிஸ்ட்ல இருக்கு ஆனா மனசு அங்கயே நிக்குது. கேள்வி என்னன்னா வெறும் அழகுக்காக இவ்ளோ காசு குடுக்கறது சரியா, நம்ம ஊரு உப்புக்காத்துல அந்த மெட்டல் பாடி தாங்குமா, அப்பறம் பாண்டில எடுத்தா டாக்ஸ் கம்மின்னு மச்சான் சொல்றான் அது உண்மையா. வீட்லயும் ஓட்டுவாங்க, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

---

குளவிக்காரன்:

ப்ரோ எடுத்துடுங்க. முத்தியால்பேட்டைல இருக்கேன், வெஸ்பா 125 நாலு வருஷமா ஓட்டறேன். மைலேஜ் கேக்காதீங்க, மைலேஜ் பாக்கறவன் இந்த வண்டி வாங்க மாட்டான். ஆனா ஏறி உக்காந்தா தெரியும், மத்த ஸ்கூட்டர்ல ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது பிளாஸ்டிக் எல்லாம் சேந்து கடகடன்னு ஒரு சத்தம் வருமே, அது இதுல வராது, ஒரே கட்டையா இறங்கும். முன்னாடி வீல பாத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் ஃபோர்க் இருக்காது, ஒரே பக்கம் ஒரு கை மட்டும் தான். 1946ல இத டிசைன் பண்ண கொராடினோ தாஸ்கானியோ ஏரோபிளேன் இன்ஜினியர், விமானத்து சக்கரத்த மாட்டற மாதிரியே மாட்டிட்டாரு. வெஸ்பான்னா இத்தாலிய மொழில குளவின்னு அர்த்தம், என் ஐடிக்கும் அதான் காரணம் ஹிஹி.

ஒண்ணே ஒண்ணு, முன் வீல் 11 இன்ச், பின் வீல் 10 இன்ச். பள்ளம் வந்தா கொஞ்சம் பாத்து இறக்கணும். அதுவும் ரோட்ட தோண்டிப் போட்டுட்டு ஜல்லிய கொட்டி வச்சிருக்கற எடத்துல (நம்ம ஊர்ல எந்த மாசம் தோண்டல சொல்லுங்க) ஸ்லோ பண்ணித்தான் ஆகணும்.

---

ஹார்பர் வெல்டிங்:

குளவி தம்பி ஆசைய கிளப்பி விட்டுட்டாரு, நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், கோச்சுக்காதீங்க.

நானும் ஒரு ரெட்ரோ டைப் மெட்டல் வண்டி வச்சிருந்தேன், பிராண்டு பேரு வேணாம், தப்பு வண்டி மேல இல்ல என் மேல தான். வீடு முதுநகர். வாங்குன அன்னிக்கே கால் வைக்கற எடத்துக்கு தடியா ஒரு ரப்பர் மேட் போட்டுட்டேன், பெயிண்ட் கீறக்கூடாதுன்னு. ரெண்டு மழை சீசன் அந்த மேட்ட தூக்கவே இல்ல. மூணாவது வருஷம் தூக்குனா அடில காப்பித்தூள் மாதிரி துரு. விரல வச்சு தேச்சா பெயிண்ட் பக்கோடா மாதிரி உப்பி உப்பி கையோட வருது. ஹார்பர்ல போட்டுக்கெல்லாம் வெல்டிங் அடிக்கற பெரியவர்கிட்ட காட்டுனேன், அவரு ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து லேசா குத்துனாரு, அந்தப் பக்கம் வந்துருச்சு. அவரு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு, “உப்பு இரும்ப திங்கலப்பா, ஈரத்த புடிச்சு வச்சுக்குது, அந்த ஈரம் தான் திங்குது”ன்னாரு. அதுக்கப்பறம் அவர்கிட்டயே ஒட்டிக்கிட்டு நானும் வெல்டிங் கத்துக்கிட்டு இப்ப அதான் பொழப்பு, அது தனிக் கத.

இத ஏன் சொல்றேன்னா வெஸ்பால தனியா பைப் ஃபிரேம் கிடையாது. அந்த தகடே தான் ஃபிரேம், மோனோகாக்னு சொல்வாங்க. சாதாரண ஸ்கூட்டர்ல பாடி போனா பேனல மாத்திட்டு போயிட்டே இருக்கலாம், உள்ள ஃபிரேம் தனியா நிக்கும். இதுல தகடு அரிச்சா எலும்பு அரிச்ச மாதிரி. நல்லது என்னன்னா எங்கயாவது நசுங்குனா டிங்கரிங் தட்டி எடுத்துடலாம், பிளாஸ்டிக் மாதிரி விரிசல் விட்டு தூக்கிப் போட வேண்டியதில்ல.

அதனால எடுத்தீங்கன்னா மேட் போடாதீங்க, போட்டாலும் வாரம் ஒருக்கா தூக்கி காய வைங்க. மழைக்கு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவே கூடாது, உள்ள வேத்துப்போயி நிக்கும், திறந்து கிடந்தா கூட பரவால்ல. சாதா தண்ணி தான் ஊத்தி கழுவணும், போர் தண்ணி உப்பா இருந்தா கழுவறதே கெடுதல். எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மாட்டறேன்னு எவனாவது டிரில் எடுத்துட்டு வந்தா கைய புடிங்க, ஓட்ட போட்ட எடத்துல தான் மொதல்ல ஆரம்பிக்கும். காலைல டிஸ்க் பிரேக்ல செம்பட்டையா துரு பாத்து பயந்துடாதீங்க, ரெண்டு தடவ பிரேக் புடிச்சா அதுவே போயிடும்.

---

செம்மண்டலம் அக்கா:

எல்லாரும் வண்டியப் பத்தியே பேசறீங்க, தம்பி “வீட்லயும் ஓட்டுவாங்க”ன்னு கடைசில ஒரு வரி போட்டிருக்காரே அத யாரும் கண்டுக்கல. ஓட்டறது பிரச்சனையே இல்ல. ஆள் நெறஞ்ச ஸ்டாண்ட்ல ரெண்டு வண்டிக்கு நடுவுலேர்ந்து பின்னாடி இழுக்கணும் பாருங்க, அங்க தான் இருக்கு விஷயம். ஃபாசினோ 99 கிலோ தான். நான் புடவைல ஒத்தக் கையால சென்டர் ஸ்டாண்ட் போடுவேன். மெட்டல் வண்டி அதவிட ஒரு பதினஞ்சு கிலோ கூட வரும், பின்னாடி இழுக்கச்சொல்ல அந்த பதினஞ்சும் அம்பது மாதிரி தெரியும். ஷோரூம் போனா அவங்களையும் கூட்டிட்டு போங்க. ஓட்டி பாக்க சொல்லாதீங்க, ஸ்டாண்ட் போட்டு எடுக்க சொல்லுங்க. ஹெல்மெட் ஒண்ணு, பையனோட ஸ்கூல் பேக் ஒண்ணு எடுத்துட்டு போய் சீட்டத் தூக்கி வச்சு பாருங்க. வெக்கமா இருந்தா பரவால்ல, அங்க வேலை பாக்கற பசங்க இதெல்லாம் நெறைய பாத்துருப்பாங்க. எங்க வீட்டுக்காரரு போனப்ப காலி கேஸ் சிலிண்டரே எடுத்துட்டு போனாரு.

---

டூ ஸ்ட்ரோக் பெரியப்பா:

வெஸ்பாவ புதுசுன்னு நெனச்சு பேசறீங்க பசங்களா. பஜாஜ் கம்பெனி அறுபதுகள்லயே வெஸ்பாவோட இத்தாலி கம்பெனி பியாஜியோகிட்ட லைசன்ஸ் வாங்கி இங்க வெஸ்பா தான் செஞ்சுட்டு இருந்தாங்க, 1972ல சேத்தக்னு பேரு வந்துச்சு. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்துட்டு இருப்போம், பொண்ணு பாக்கற வீட்ல “ஸ்கூட்டர் புக் பண்ணிருக்காரு”ன்னே சொல்வாங்க, வண்டி வரதுக்குள்ள பொண்ணுக்கு ரெண்டு புள்ள பொறந்துடும். பாண்டில எங்க தெருவுல ஒரு சொல்தா தாத்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு) இருந்தாரு, பிரெஞ்சு பென்ஷன், சாயங்காலமானா தொப்பி போட்டுட்டு டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர ஒரு பக்கமா சாய்ச்சு, மறுபடி நிமித்தி, ஒரே கிக். புகை அடங்கறதுக்குள்ள ஆளு கடக்கரைல இருப்பாரு.

எலக்ட்ரிக் சேத்தக்க ஒதுக்கிடாதீங்க தம்பி. 2020 ஜனவரில வந்ததுலேர்ந்து அதுவும் மெட்டல் பாடி தான். உங்க ஓட்டம் 15 கிலோமீட்டர்னா ராத்திரி வீட்ல போட்டு வச்சா நாலஞ்சு நாளைக்கு தொட வேண்டாம். ஆனா கீழ் வீடா, மாடி வீடா? மாடின்னா வயர் இழுக்க ஓனர்கிட்ட கெஞ்சணும், அத யோசிங்க. இன்னொண்ணு, உங்க பக்கம் தண்ணி நிக்கற ஏரியா. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் முடிஞ்சு தென்பெண்ணைல தண்ணி வந்தப்ப எத்தன வண்டி மூழ்குச்சுன்னு பாத்தீங்கல்ல. பெட்ரோல் வண்டி மூழ்குனா தண்ணி வடிஞ்சதும் ஆசைக்கு செல்ஃப் அடிச்சிடாதீங்க, மொதல்ல ஆயில பாருங்க, பால் டீ கலர்ல இருந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம், தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

---

முள்ளோடை தாண்டி:

டாக்ஸ் விஷயம் மட்டும் நான் சொல்றேன், நெறைய பேரு இதுல தான் மாட்டறாங்க.

2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் டூ வீலருக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 பர்சன்ட் ஆயிடுச்சு, அது எல்லா ஊருக்கும் ஒண்ணு தான், பாண்டி கடலூர்னு வித்தியாசம் இல்ல. வித்தியாசம் வர்றது ரோடு டாக்ஸ்ல. தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ் (ஒரே தடவையா கட்டற ரோடு டாக்ஸ்) வண்டி விலை ஒரு லட்சம் வரைக்கும் 10 பர்சன்ட், தாண்டுனா 12. அதாவது 1,20,000 ரூபா வண்டின்னா 14,400 கட்டணும். அதான் மச்சான் சொல்றாரு, பாண்டில இருக்கற சொந்தக்காரங்க அட்ரஸ்ல பாண்டி நம்பர் பிஒய் 01 போட்டுடலாம்னு.

போட்டீங்கன்னா என்ன ஆகும்? சட்டப்படி ஒரு மாநில நம்பர் வண்டிய இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இங்க நம்பர் மாத்தணும், டாக்ஸும் கட்டணும். நீங்க தினமும் கடலூர்ல தான ஓட்டப்போறீங்க. ஆர்சி அட்ரஸ் ஒண்ணு, ஆதார் அட்ரஸ் ஒண்ணுன்னு இருந்தா விக்கும்போதும் அலைச்சல், ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்லயும் கேள்வி வரும். என் ஃபிரண்டு ஒருத்தன் மிச்சம் புடிச்ச காச விட என்ஓசிக்கு (ஆர்டிஓல வாங்கற தடையில்லா சான்று) அலைஞ்ச பஸ் காசு ஜாஸ்தி. பாண்டில வண்டி பிடிச்சிருந்தா அங்கயே வாங்கிட்டு டெம்பரரி நம்பர்ல ஓட்டிட்டு வந்து கடலூர் ஆர்டிஓல டிஎன் 31 போடுங்க, அதுல தப்பே இல்ல. பாண்டில பெட்ரோல் கம்மி, அத மட்டும் அனுபவிங்க, ஞாயித்துக்கிழமை போனா டேங்க ஃபுல் பண்ணிட்டு திரும்புங்க.

---

சில்வர்பீச் சின்னவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை வீட்ல கூட்டிட்டு பாண்டி போனேன், ஸ்கூல் பேக், ஹெல்மெட் எல்லாம் எடுத்துட்டு. தவளக்குப்பத்துல டிராஃபிக்ல மாட்டி ஷோரூம் போய் சேர மத்தியானம் ஆயிடுச்சு. மொதல் தடவ ஸ்டாண்ட் போடறப்ப வண்டி இவங்க பக்கமா சாய்ஞ்சுச்சு, நான் முடிஞ்சுது கதைன்னு நெனச்சேன். செருப்ப கழட்டி ஓரமா வச்சுட்டு ஸ்டாண்ட் மேல நல்லா ஏறி நின்னாங்க பாருங்க, டக்குனு ஏறிடுச்சு. அப்பறம் சீட்டுல உக்காந்து கண்ணாடிய திருப்பி முகம் பாத்துட்டு, “இது எனக்கு. நீங்க பழசையே ரெடி பண்ணி ஓட்டுங்க”ன்னு சொல்லிட்டாங்க. பேக் சீட்டுக்கு அடில போகல, முன்னாடி கொக்கில தான் மாட்டணும், அதுக்கும் ஓகேன்னுட்டாங்க. பச்சை புக் பண்ணியாச்சு, ரிஜிஸ்ட்ரேஷன் கடலூர்ல தான், மச்சான் ஒரு வாரமா பேசறதில்ல.

எலக்ட்ரிக் பாக்கலாம்னு தான் இருந்தேன், வீடு மேல் மாடி, ஓனர் பேச்செடுக்கும்போதே மூஞ்ச திருப்பிட்டாரு. ஹார்பர் அண்ணா, ஒரு சந்தேகம். கீழ போர்டிகோல தான் வண்டி நிக்கும், மேல ஷீட் இருக்கு, கெழக்கு பக்கமும் மேக்கு பக்கமும் ஓப்பன். ராத்திரி கடக்காத்து நேரா அடிக்கும். தார்பாய் போட்டு ரெண்டு பக்கமும் கட்டிடவா?

---

ஹார்பர் வெல்டிங்:

கெழக்க மட்டும் அடைங்க, அதுவும் தார்பாய் வேணாம், தகர ஷீட் ஒண்ணு ஆளுயரத்துக்கு போதும். மேக்கு பக்கம் திறந்தே இருக்கட்டும், காத்து போய்ட்டு வந்துட்டு இருக்கணும். வண்டி எடுக்கற அன்னிக்கு ரப்பர் மேட் ஃப்ரீன்னு சொல்லி மாட்டிவிடப் பாப்பாங்க, கைலயே குடுங்கன்னு வாங்கிட்டு வந்து வீட்டு வாசப்படில போட்டுடுங்க.