ஹெபடைடிஸ் பி வருஷக்கணக்கா இருந்தா டி செல் சோர்ந்து போயிடுமா?

மழைத்துளி:
அக்காவுக்கு ஹெபடைடிஸ் பி, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, வைரஸ அடக்கற டெனோஃபோவிர் மாத்திரை எடுத்துக்கிறா. போன வாரம் டாக்டர் பேச்சுவாக்குல "வைரஸ எதிர்க்கிற டி செல் எல்லாம் சோர்ந்து போயிருக்கும்"னு சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. செல்லு இருக்கு ஆனா வேலை செய்யலைன்னா என்ன அர்த்தம்? சாதா காய்ச்சல் வந்தாகூட தாங்க மாட்டாளா? எதிர்ப்பு சக்தி பவுடர் வாங்கிக் குடுக்கலாமான்னு வீட்ல கேக்குறாங்க.

லேப்வாசி:
பயப்படாதீங்க, அந்த சோர்வு உடம்புல இருக்கற எல்லா டி செல்லுக்கும் இல்ல, முக்கியமா அந்த ஒரு வைரஸ அடையாளம் கண்டுக்கிற செல்லுங்களுக்குத்தான். இத எலியிலதான் தெளிவா பாத்தாங்க, எல்சிஎம்வின்னு ஒரு வைரஸ், அதுல ஆர்ம்ஸ்ட்ராங் ரகம் போட்டா எலி பத்து நாளுக்குள்ள துடைச்சு எறிஞ்சிடும், குளோன் 13 ரகம் போட்டா மாசக்கணக்கா தங்கிடும், இத்தனைக்கும் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வைரஸ்தான். வைரஸ் தங்கிட்ட எலியில டி செல் நிறைய செத்துடுது, மிச்சம் இருக்கறது வைரஸ தினமும் பாத்துப் பாத்தே ஒவ்வொரு வேலையா விட்டுடுது. டி செல் சுரக்கற சிக்னல் புரதங்கள்ல முதல்ல ஐஎல்-2 சுரக்கறது நிக்கும், அப்புறம் டிஎன்எஃப், கடைசியாதான் இன்டர்ஃபெரான் காமா. செல் மேல பிடி-1னு ஒரு பிரேக் புரதமும் ஏறி உக்காந்துக்கும்.

நீலக்குறிஞ்சி:
எனக்கு இந்த "சோர்வு"ங்கற பேரே பிடிக்கல. பிடி-1 இல்லாத எலிக்கு அதே குளோன் 13 போட்டா எலியே செத்துப் போகுது, காரணம் அடங்காத டி செல்லுங்க சொந்த உடம்பையே அடிக்கறதுதான். ஹெபடைடிஸ் பிலயும் வைரஸ் நேரா கல்லீரல் செல்ல பெருசா கொல்றதில்ல, நம்ம செல்லுங்க அடிக்கற அடியிலதான் கல்லீரல் கெடுது. அதனால அந்த பிரேக் அக்காவ காப்பாத்திட்டும் இருக்கு. பவுடர் தயவுசெஞ்சு வேண்டாங்க, சில மூலிகைப் பொடியே கல்லீரலுக்கு ஆகாது.

மழைத்துளி:
புரியுது. மருந்து குடுத்து பிரேக்க மட்டும் கொஞ்சம் தளர்த்த முடியாதா?

லேப்வாசி:
2006ல எலியில செஞ்சு பாத்தாங்க, டி செல் ஓரளவு எழுந்துச்சு, வைரஸும் குறைஞ்சுது. அதே வழிதான் இப்ப கேன்சருக்கு மருந்தா இருக்கு, பிடி-1ஐ 1992ல கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் தசுக்கு ஹோன்ஜோவுக்கு 2018ல நோபல் குடுத்தாங்க. ஆனா ஹெபடைடிஸ் பிக்கு இது வழக்கமான சிகிச்சை இல்ல, கல்லீரல் வீங்கற ஆபத்து இருக்கு. இன்னொண்ணு, ஹெபடைடிஸ் சி மாத்திரையில வைரஸ் மொத்தமா போனப்புறமும் அந்த டி செல்லுங்க முழுசா பழைய நிலைக்கு வர்றதில்ல, உள்ள எந்த ஜீன் திறந்திருக்கணும் எது மூடியிருக்கணும்ங்கறதே மாறிப் போயிருக்கு. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இதுதான்.

நீலக்குறிஞ்சி:
மாத்திரைய மட்டும் அவங்களா நிறுத்திடக் கூடாது, வைரஸ் திடீர்னு ஏறி கல்லீரல் மோசமாகிடும். 6 மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கறாங்களா?

மழைத்துளி:
எடுக்கறா, அடுத்தது வர்ற மாசம். பவுடர் வேணாம்னு வீட்ல சொல்லிட்டேன்.