புதுப்பிப்பு: ஃபிரேம் இல்லாமல் தையல்

செயின் ஸ்டிச், சாட்டின் ஸ்டிச் எல்லாம் கைக்கு வந்துவிட்டது, ஆனால் நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் போடும் தோடர் பூவேலையில் துணியில் கோடு வரையாமல் எப்படி நேராகப் போடுகிறார்கள் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

எல்லாமே இழை எண்ணிக்கைதான். ஃபிரேம் கிடையாது, டிரேசிங் கிடையாது. இழை தனித்தனியாகத் தெரியும் முரட்டுப் பருத்தித் துணி வேண்டும். குன்னூரில் என்னிடம் இருந்த மெல்லிய காட்டன் இதற்கு ஆகவே ஆகாது. எண்ணக் கண் வலிக்கும். துணியின் பின்பக்கத்திலிருந்து, இழைகளை எண்ணி எண்ணி ஊசியைக் கோத்துப் போக வேண்டும். வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்ன வளையமாக விடுங்கள். துணி சுருங்காது, பூவேலையும் கொஞ்சம் மேடாக எழும்பி நிற்கும். பூத்துக்குளியை, அதாவது தோடர்கள் போர்த்தும் பூவேலைச் சால்வையை, தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மேடு தெரியும். எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

அப்புறம், விற்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு (ஒரு பொருளின் பெயரை அதன் ஊருக்கும் அதைச் செய்பவர்களுக்கும் உரியதாகக் காக்கும் பதிவு) கிடைத்திருக்கிறது. அதனால் நான் விற்பதில்லை. நான் போடுவது பழகுவதற்கு மட்டும். சால்வை வேண்டுமென்றால் தோடர் பெண்களிடமே வாங்குங்கள்.

இப்போது சிவப்பு நூலில் ஒரு பட்டை முடித்திருக்கிறேன். அடுத்தது கறுப்பு.