முதல் பெரிய போர் (அகலக் குழல்) துவக்கு: .375 ஆ, .458 ஆ?

கேள்வி (முள்ளியவளை): அண்ணையாக்கள், இஞ்ச பன்றிக்கு 12 போர் சிதறுகுண்டுத் துவக்குதான் பழக்கம். மச்சான் தென்னாபிரிக்காவில எருமை வேட்டைக்குப் போறார். முதல் ரைபிள் எந்தக் கலிபர் (சன்னத்தின்ர விட்டம், அங்குலத்தில)?

பதில்: .375 ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட், அந்த லண்டன் துவக்குக் கம்பனியின்ர ரவை. 1912இல வந்தது. 300 கிரேன் (நிறை அளவு) சன்னம், செக்கனுக்கு ஏறக்குறைய 770 மீற்றர். .458இன்ர 500 கிரேன் சுடேக்க தோளில நல்லா உதைக்கும். உதைக்குப் பயந்தா விசையை இழுக்கேக்க கண் மூடும், குறி தப்பும். காயம்பட்ட எருமை திரும்பி வரும், அதுதான் பயம்.

பதில்: ஓம், .375தான். ஸ்கோப் (குறிபார்க்கிற தொலைநோக்கி) 1-4 மடங்கு காணும். கண்ணுக்கும் அதுக்கும் 9 சென்ரிமீற்றராவது இருக்கோணும், இல்லாட்டி உதைக்கேக்க புருவம் வெடிக்கும். போல்ட்டை (ரவை ஏத்துற கைபிடித் தண்டை) கடைசிமட்டும் பின்னுக்கு இழுக்கோணும். அரைவாசியில தள்ளினா அடுத்த ரவை ஏறாது. வெத்து ரவை (மருந்தில்லாத பழகு ரவை) போட்டு, தோளில வைச்சபடியே பழகட்டும்.

பதில்: முதல் சூட்டுக்கு மென்முனை (பட்டதும் விரியிற சன்னம்), பிறகு கெட்டிச் சன்னம் (விரியாமல் ஆழமாப் போறது). ரெண்டும் ஒரே இடத்தில விழுதோ எண்டு 50 மீற்றரில பாருங்கோ.