புதுப்பிப்பு: மகளின் பள்ளிப் படிவமும் என் கையெழுத்தும்

இங்கிலாந்தில் துணைவியோடும் அவருடைய 7 வயது மகளோடும் நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், திருமணம் செய்துகொள்ளவில்லை, சுற்றுலாப் படிவத்தில் என் கையெழுத்தைப் பள்ளி ஏற்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வழக்கறிஞரைப் பார்த்தோம். எத்தனை வருடம் வளர்த்தாலும் 'பெற்றோர் பொறுப்பு', அதாவது குழந்தைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை, தானாக வராதாம். தாயை மணந்திருந்தால், பெற்றவர்கள் இருவரும் சம்மதித்து ஒப்பந்தம் எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்தாலே போதும். எனக்கு அந்த வழி இல்லை. ஆனால் குழந்தை 3 வருடம் நம்மோடு வாழ்ந்திருந்தால், 1989 குழந்தைகள் சட்டப்படி, முன் அனுமதி வாங்காமலே 'குழந்தை யாருடன் வாழ்வது' என்ற உத்தரவு கேட்டு மனுப் போடலாம். கிடைத்தால், உத்தரவு நடப்பில் உள்ளவரை அந்தப் பொறுப்பும் சேர்ந்தே வரும். பெற்ற தந்தையின் உரிமை அதனால் போய்விடாது. அவரிடமும் இதைச் சொல்லிவிட்டோம்.

நாங்கள் பிரிந்தால் பராமரிப்புத் தொகை கட்டும் கடமை எனக்கு இல்லையாம். அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை, மனம் கனத்துப்போனது. அவள் என் மகள்.

சரி, மனுப் போடும் முன் போகவேண்டிய சமரசச் சந்திப்பு அடுத்த வாரம், அப்புறம் மனு. அதுவரை, என் கவனிப்பில் இருக்கும்போது அவள் நலனுக்கு நியாயமானதைச் செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. நடுராத்திரி காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.